கொண்டாடாத கோல்கள்

“அப்பா, கோல் போட்டா எல்லாரும் குதிக்கிறாங்க. நீ மட்டும் ஏன் யாரோ செத்துப்போன மாதிரி நிக்கிற?”

மிர்த்தா இதைக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில், பாலில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா ஒரெஸ்தே, மொந்தெஃபோஸ்கோ அணிக்காகத் தலையால் முட்டி ஒரு கோல் அடித்திருந்தார். பந்து வலைக்குள் போனதும் இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு, மெல்ல நடந்து தன் இடத்துக்குத் திரும்பினார். தோழர்கள் வந்து தோளைத் தட்டியது ஆறுதல் சொன்னதுபோல் இருந்தது. மூன்றாம் பிரிவில் ஆடுகிற எல்லாரும் அவரை ‘துக்கவீடு’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அது ஒரு மரியாதைம்மா” என்றார் ஒரெஸ்தே. “முன்னாடி நாம ஆடின கிளப்புக்கு எதிரா கோல் போட்டா குதிக்கக் கூடாது. அவங்க நமக்குச் சோறு போட்டவங்க. அவங்க வாசல்ல நின்னு கூத்தடிக்கலாமா?”

“குதிச்சா நடுவர் அட்டை காட்டுவாரா?”

“மாட்டாரு.”

“அப்புறம் யாரு திட்டுவாங்க?”

“யாரும் திட்ட மாட்டாங்க. நமக்கே நல்லா இருக்காது.”

மிர்த்தா யோசித்தாள். “சரி. நீ ஆடாத கிளப்புக்கு எதிரா போடும்போது குதிக்கலாம்ல?”

அடுப்படியில் காபி வடித்துக்கொண்டிருந்த அம்மா ரொஸெல்லா சிரித்துவிட்டாள். “அப்படி ஒரு கிளப்ப முதல்ல கண்டுபிடிக்கச் சொல்லு உங்கப்பாவ.”

அது கேலிக்குச் சொன்னது மட்டுமில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் பக்கத்தில் எத்தனை கிளப்புகள் உண்டோ, ஏறக்குறைய அத்தனையிலும் ஒரெஸ்தே ஆடியிருக்கிறார். அவர் கெட்ட ஆட்டக்காரர் அல்ல. பின்வரிசையில் நின்றால் சுவர்போல் நிற்பார். ஆனால் அவர் சேர்கிற கிளப்புகளுக்கு ஆயுசு குறைவு. ஒரு கிளப்பின் தலைவர் கோடையில் கடையைச் சாத்துவார். இன்னொன்றில் புதுப் பயிற்சியாளர் வந்து, எனக்கு இளசுகள் போதும் என்பார். ஒரெஸ்தே பெட்டி கட்டுவார். ரொஸெல்லா கூட ஒருமுறை, “உன் முட்டிய விட அந்தப் பெட்டியோட சக்கரம் நல்லா இருக்கு” என்றாள். பின்வரிசைக்காரருக்குக் கோல் விழுவதே அபூர்வம். விழுந்த சிலவும் பழைய கிளப்புகளின் வலையிலேயே விழுந்துவிட்டன. இருபது வருட ஆட்டத்தில் அந்த மனிதர் ஒரு கோலுக்காகக்கூட வாய்விட்டுச் சிரித்ததில்லை.

மிர்த்தா குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு ஏறிக்கொண்டாள்.

“சான் ஜெனேசியோ?”

“ஆடியிருக்கேன்.”

“வால்தோரா?”

“ரெண்டு வாட்டி.”

“கோல்மெத்சோ?”

“அங்கதானே உங்கம்மாவப் பாத்தேன்.”

“அத நான் மறக்க முயற்சி பண்றேன்” என்றாள் ரொஸெல்லா.

விரல் கீழே இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வரியில் நின்றது. “தோர்ரே சலினா?”

ஒரெஸ்தே காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். தோர்ரே சலினா கடற்கரைக் கிளப். அந்த வருடம்தான் மேலே ஏறி வந்திருந்தது. “அங்க ஆடல” என்றார், தானே வியந்துபோய்.

“அப்ப அவங்களுக்கு எதிரா ஒண்ணு போடு. போட்டுட்டு குதி. எனக்காக.”

“என் கையிலயா இருக்கு?”

“தலையில இருக்கு” என்றாள் மிர்த்தா. “வாக்குக் குடு.”

அவர் கொடுத்தார். ஒரு கோல் அடிப்பேன் என்றல்ல. அடித்தால் குதிப்பேன் என்று. குழந்தைகளுக்குக் கொடுக்கிற வாக்கை மற்ற வாக்குகளைவிட லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரெஸ்தே அந்த ரகம் அல்ல.

இலையுதிர்காலத்தில் தோர்ரே சலினா எங்கள் ஊருக்கு வந்தபோது அவர் மஞ்சள் அட்டைகள் சேர்ந்துபோய்த் தடையில் இருந்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. மிர்த்தா அவரோடு பேசவில்லை. குளிர்காலத்தில் முட்டி வீங்கியது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்த வருஷத்தோட போதும், ஒரெஸ்தே” என்றார். ஜூனிலிருந்து மச்சானின் டயர் கடைக்குப் போவதென்று முடிவாயிற்று.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. மே மாதக் கடைசி ஞாயிறு, தோர்ரே சலினாவின் மைதானத்தில் பருவத்தின் கடைசி ஆட்டம். மொந்தெஃபோஸ்கோ தோற்காமல் இருந்தால் பிரிவில் தங்கும். அது ஊருக்கு. ஒரெஸ்தேவுக்கு அது தவிர இன்னொரு கணக்கும் இருந்தது என்று அவர் வீட்டில் மட்டும்தான் தெரியும்; பிறகு மிர்த்தா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டதால் ஊருக்கே தெரியும்.

பேருந்தில் கோல்கீப்பர் தூலியோ பின்னிருக்கையிலிருந்து கத்தினான். “டேய், துக்கவீடு இன்னிக்கு கல்யாண வீடாம்! அண்ணே, ஒத்திகை பாத்தீங்களா? எப்படிக் குதிக்கிறதுன்னு தெரியுமா?”

“தெரியாட்டி உன்னக் கேக்கறேன்.”

“என்னக் கேட்டு என்ன பண்ண? நான் கோல்கீப்பர். என் வாழ்க்கையில சந்தோஷப்பட ஒண்ணுமே இல்ல.”

பயிற்சியாளரை இங்கே எல்லாரும் ‘மிஸ்டர்’ என்றுதான் அழைப்பார்கள். எங்கள் மிஸ்டர் பாரத்தா முன்னிருக்கையிலிருந்து திரும்பி, “முதல்ல கோல் போடட்டும். ஆட்டம் பாட்டமெல்லாம் அப்புறம்” என்றார். ஒரெஸ்தே ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டைக்குள் கிடந்த லொரேத்தோ மாதாவின் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டார். கோல் வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளவில்லை. மாதாவை அந்த மாதிரி வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பது அவர் எண்ணம். பிள்ளை ஏமாறாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மைதானத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். நடைபாதையில் சோப்பு வாசனை அடித்தது. ஒரெஸ்தே நின்றுவிட்டார். எந்த மைதானத்திலும் சோப்பு வாசனை இருக்கும். ஆனால் இது மஞ்சள் பார் சோப்பும் கொஞ்சம் லாவெண்டரும் கலந்த வாசனை. அவருடைய கால் அதை மூக்குக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டது. பழைய முறிவு இருந்த இடத்தில் ஒரு சிலிர்ப்பு.

உள்ளூர் அணியின் அறைக்கதவு திறந்திருந்தது. கொக்கிகளில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. குட்டையான ஒரு பெண்மணி முதுகைக் காட்டியபடி கடைசிக் கொக்கியில் ஒரு சட்டையை மாட்டி, தோள் மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மற்ற கொக்கிகளின் கீழே பூட்ஸ் இருந்தது. அந்தக் கொக்கியின் கீழே இல்லை.

“ஃபெர்மினாம்மா?” என்றார் ஒரெஸ்தே.

அந்த அம்மா திரும்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஒரெஸ்தே! ஏய், பிச்சோனி வீட்டுப் பயலே! முடியெல்லாம் எங்கடா போச்சு?”

“ஒவ்வொரு கிளப்புலயும் கொஞ்சம் விட்டுட்டு வந்தேன்.”

“கால்?”

“இருக்கு. நீங்க... இங்க எப்படி?”

“பியெத்ராஸ்பினா கிளப்ப மூடினப்ப அதோட உரிமத்த இந்தக் கடற்கரைக்காரங்கதானே வாங்கினாங்க? பேர மாத்தினாங்க, சட்டை நிறத்த மாத்தினாங்க. என்னையும் துவைக்கிற மெஷினையும் சேத்துத்தான் வாங்கினாங்க.” ஃபெர்மினா சிரித்தார். “மெஷின் செத்துப்போச்சு. நான் இன்னும் ஓடிட்டு இருக்கேன்.”

ஒரெஸ்தேவும் சிரித்தார். சிரித்து முடிக்குமுன் விஷயம் புரிந்தது. தோர்ரே சலினா என்பது பழைய பியெத்ராஸ்பினா. பியெத்ராஸ்பினா அவருடைய முதல் கிளப். அட்டவணையின் கடைசி வரியும் போயிற்று.

பத்தொன்பது வயதில் அந்த மலையூருக்குப் போன முதல் மாதத்திலேயே அவர் கால் முறிந்தது. வீடு தூரம். தோழர்களுக்கு அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. மாவுக்கட்டோடு ஒவ்வொரு ஞாயிறும் அறைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கொக்கியில் அவர் சட்டை தொங்கும். துவைத்து, தேய்த்து, தோள் மடிப்பு நீவி. இலை உதிர்ந்து, பனி பெய்து, பனி உருகி, அது தொங்கியது.

“நான்தான் போடவே இல்லையே, ஏம்மா துவைக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டார்.

“சும்மா கெடந்தா தூசி படியும்” என்றார் ஃபெர்மினா. “சட்டை மேல மட்டும் இல்ல.”

வசந்தத்தில் அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் ஆடினார். அடுத்த கோடையில் கிளப் மூடியது. நன்றி சொல்லலாம் என்று போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய வாழ்த்தும் ஆளில்லை என்று திரும்பி வந்தது. அதன்பின் எத்தனையோ அறைகளில் எத்தனையோ கொக்கிகள். தன் சட்டையை மாட்டும்போதெல்லாம் அவர் மனதுக்குள் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொள்வார்.

“அது யாரோடது?” என்று கடைசிக் கொக்கியைக் காட்டிக் கேட்டார்.

“முட்டி போன பய ஒருத்தன். சிசிலிக்காரன். இன்னிக்கு வரக்கூட இல்ல, பாவம்.” ஃபெர்மினா வலது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அதில் கட்டுப் போட்டிருந்தது. “போ, போ. உங்க மிஸ்டர் தேடுவாரு. நல்லா ஆடு. ஆனா ரொம்ப நல்லா ஆடாத.”

ஒரெஸ்தே தன் அறைக்கு வந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். பக்கத்தில் தூலியோ கையுறையை இழுத்து மாட்டினான்.

“என்னண்ணே, முகமே சரியில்ல?”

“தூலியோ, நான் இங்கயும் ஆடியிருக்கேன்டா.”

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் தூலியோ தலையில் கைவைத்துக்கொண்டான். “உங்களுக்குன்னு வந்து வாய்க்குதே! அண்ணே, நீங்க நிலாவுல போய் ஆடினாலும் அங்க ஒருத்தி இஸ்திரிப் பெட்டியோட நிப்பா. பாப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல.”

“பேசாம கோலே போடாதீங்க. பிரச்சினை தீந்துது.”

ஆனால் பிரச்சினை அப்படித் தீரவில்லை. இடைவேளைக்குப் பிறகு தோர்ரே சலினா ஒரு கோல் அடித்தது. அவர்களுக்கு ஏறவும் வழியில்லை, இறங்கவும் பயமில்லை. வெயிலில் சும்மா விளையாடுகிற நிம்மதியில் அடித்துவிட்டார்கள். மொந்தெஃபோஸ்கோ இறங்கிவிடும் நிலைமை. எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் வலைத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிஸ்டர் பாரத்தா கோட்டைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர் கிடைத்தது.

“துக்கவீடு! மேல போ!” என்று மிஸ்டர் கத்தினார்.

ஒரெஸ்தே எதிரணிக் கோலுக்கு முன்னால் போய் நின்றார். பந்து கொஞ்சம் உயரமாகவே வந்தது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன முட்டியை நம்பி எழும்பினார். நெற்றியில் சரியாகப் பட்டது. கோல்கீப்பரின் விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவே புகுந்து பந்து வலையை உலுக்கியது.

உடனே அவர் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கைகள் மார்புக்கு நேரே எழுந்தன. தலை குனிந்தது. பாய்ந்து வந்த தோழர்கள் அதைப் பார்த்துச் சட்டென்று நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரெஸ்தே தலையைத் தூக்கிப் பார்வையாளர் பகுதியைப் பார்த்தார். மிர்த்தா இருக்கையின்மேல் ஏறி நின்றிருந்தாள். இரண்டு கைகளும் வானத்தில் இருந்தன. அப்பாவைப் பார்த்ததும் அவை மெல்ல, மிக மெல்ல, இறங்க ஆரம்பித்தன. அழவில்லை. பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் உள்ளூர்க்காரர்களின் அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. மைதான வாசலில், துண்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபெர்மினா நின்றிருந்தார்.

“ஏய் ஒரெஸ்தே! யாருடா செத்துட்டா இங்க? நானா? நான் கல்லாட்டம் நிக்கிறேன்! இதுக்கா உன் சட்டைய அத்தனை மாசம் தேய்ச்சுத் தொங்கவிட்டேன், நீ வந்து இழவுக்கு நிக்கவா? ஓடுடா! ஓடு!”

ஒரெஸ்தே ஓடினார்.

எப்படி ஓடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் இடதுபக்கம் ஓடினார். அது தவறான பக்கம் என்று தெரிந்து திரும்பினார். விமானம்போல் கையை விரித்தார். வெட்கமாக இருந்ததால் மடக்கிக்கொண்டார். இளம் ஆட்டக்காரர்கள் செய்வதுபோல் சட்டையைக் கழற்றிச் சுழற்றலாம் என்று நினைத்தார். அது தலையில் மாட்டிக்கொண்டது. கண் தெரியாமலே ஓடி, மூலைக்கொடியில் மோதி, கொடியோடு சேர்ந்து புல்லில் விழுந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று எல்லாரும் பதறினார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிக்கிறார். இருபது வருடத்துச் சிரிப்பு. அவ்வளவு சீக்கிரம் நிற்குமா?

தோழர்கள் ஒவ்வொருவராக அவர்மேல் வந்து விழுந்தார்கள். மறுமுனையிலிருந்து தூலியோ மைதானம் முழுக்க ஓடி வந்து குவியலின் உச்சியில் விழுந்தான். “அண்ணே! இவ்வளவு கேவலமா யாரும் கொண்டாடி நான் பாத்ததே இல்ல!” என்று கத்தினான். நடுவர் சட்டை கழற்றியதற்காக மஞ்சள் அட்டையைக் காட்ட வந்தார். அட்டையைக் காட்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் அவர் உதடும் துடித்தது. தோர்ரே சலினாக்காரர்கள் கைதட்டினார்கள். தோற்காதவர்களுக்குத் தாராளம் சுலபம் என்று சொல்லலாம். ஆனாலும் தட்டினார்கள், அது நல்ல விஷயம்தானே.

வலைத்தடுப்பு வழியாக மிர்த்தா ஒரு விரலை நீட்டினாள். ஒரெஸ்தே அதைப் பிடித்துக் குலுக்கினார்.

“குதிக்கவே இல்ல நீ. விழுந்துட்ட” என்றாள்.

“மன்னிச்சுக்கோம்மா.”

“பரவால்ல. இதுதான் நல்லா இருந்துச்சு.”

ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று முடிந்தது. மொந்தெஃபோஸ்கோ பிரிவில் தங்கியது. மிஸ்டர் பாரத்தா அழுதார். வெயில் என்று சொன்னார். எல்லாரும் கடற்கரை உணவகத்தில் பொரித்த மீன் சாப்பிடுவதென்று ஏற்பாடாயிற்று.

கிளம்பும்போது ஒரெஸ்தே ஃபெர்மினாவைத் தேடிப் போனார். அவர் மேற்சட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“ஃபெர்மினாம்மா, அன்னிக்கு நான் சொல்லாமயே போயிட்டேன்...”

“அத இப்ப சொல்லி என்னை அழவைக்காத. மே மாசம், மாதாவோட மாசம். கோயில்ல ஜெபமாலைக்கு நேரமாச்சு.” அவர் கட்டுப் போட்ட கையால் ஒரெஸ்தேவின் கன்னத்தைத் தட்டினார். “துணியெல்லாம் அப்படியே கெடக்கு. இந்தக் கை இன்னிக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது. நாளைக்குப் பாத்துக்கலாம். உன் பொண்ணு அழகு. உன்ன மாதிரி இல்ல.”

பழைய வழக்கம் மாறவில்லை. சாவியைக் கதவுச் சட்டத்துக்கு மேலே, செங்கல் பிளவில் செருகிவிட்டுப் போனார்.

உணவகத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். தூலியோ ஒரு நாற்காலியை மூலைக்கொடியாக வைத்து ஒரெஸ்தே விழுந்ததை நடித்துக் காட்டினான். மிர்த்தா மூன்றாவது முறையும் நடிக்கச் சொன்னாள். மீன் வர நேரமாகும் என்றார்கள்.

ஒரெஸ்தே ரொஸெல்லாவின் காதருகில் குனிந்தார். “ஒண்ண விட்டுட்டு வந்துட்டேன். போய்ட்டு வரேன்.”

“என்னத்த?”

“வந்து சொல்றேன்.”

அவர் சொல்லவே இல்லை.

மைதானம் காலியாக இருந்தது. மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. தூரத்தில் கோயிலில் பெண்கள் ஜெபமாலை சொல்லும் குரல் காற்றில் வந்து வந்து போயிற்று. ஒரெஸ்தே சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். தரையில் தோர்ரே சலினாவின் சட்டைகள் மண்ணும் புல்கறையுமாகக் குவிந்து கிடந்தன. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மஞ்சள் சோப்பை எடுத்தார். காலர்களைத் தேய்த்தார், முழங்கைக் கறைகளைத் தேய்த்தார், புது இயந்திரத்தில் போட்டார். அது சுற்றுகிற நேரத்தில் அறையைப் பெருக்கித் துடைத்தார். முட்டி வலித்தபோது பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துப் பின்முற்றத்துக் கொடியில் ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டார். கடற்காற்றில் அவை உடனே ஆட ஆரம்பித்தன.

உள்ளே வந்து விளக்கை அணைக்கப் போனவர், கடைசிக் கொக்கியைப் பார்த்தார். யாரும் போடாத அந்த ஒரு சட்டை, மடிப்புக் கலையாமல், சுத்தமாகத் தொங்கியது.

அதையும் எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். மற்ற எதற்கும் எடுத்துக்கொள்ளாத நேரம் எடுத்துக்கொண்டு கையாலேயே துவைத்தார். கொடியின் நடுவில், காற்று நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்துப் போட்டு, தோள் மடிப்பை நீவிவிட்டார். கதவைப் பூட்டினார். சாவியைச் செங்கல் பிளவில் முன்பு இருந்தபடியே செருகிவிட்டு, மீன் ஆறிவிடுமே என்று வேகமாக நடந்தார்.